மடியில் வந்த பாட்டில்

கார்க் உடையாமல் முழுசாக வெளியே வந்ததும், சுதீர் சாமி கும்பிடுகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

எதிரே சோபா நுனியில் அவன் நண்பன் பாலகுமார். ப்ராஜெக்டுக்காக ஃபிரான்ஸ் போனவன், எங்கள் கல்யாணத்துக்கென்று இந்த ஒயின் பாட்டிலை ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்தான். அப்போதே அதற்குப் பத்து வயது. இன்னும் ஏழெட்டு வருடம் இருட்டில், குளிரில் படுத்துக் கிடந்தால் ருசி எங்கேயோ போய்விடும் என்று சுதீர் படித்துவிட்டான்.

என் நிம்மதி அன்றோடு போச்சு.

ஈஜிபுரா வாடகை வீட்டுக்குக் கட்டில் வாங்கும் முன்பே இதற்கு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் வந்தது. கரண்ட் போனால் அதன்மேல் ஈரத்துண்டு. அதிர்வு ஒயினுக்கு ஆகாதாம். நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் சட்னி அரைத்தேன்.

வைட்ஃபீல்டுக்கு வீடு மாறியபோது பீரோவும் டிவியும் டெம்போவில் போயின. பாட்டில் மட்டும் வாடகைக் காரில், என் மடியில், ஷால் போர்த்திப் படுத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பது கைக்குழந்தை என்று நினைத்து டிரைவர் ஏசியைக் குறைத்தார். சுதீர் பதறிப்போய்க் கூட்டச் சொன்னான். அந்த மனிதர் வழி நெடுக என்னை அனுதாபத்தோடு கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்படியெல்லாம் தாங்கியவனுக்கு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் மோப்பமே போய்விட்டது.

பக்கத்திலேயே பால் தீய்ந்து பாத்திரம் கருகும். இவன் பாட்டுக்கு லேப்டாப்பில் மீட்டிங் பேசிக்கொண்டிருப்பான். பிரியாணியோ உப்புமாவோ, எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சாப்பிட்டான். மூக்கு திரும்பினால்தான் பாட்டிலைத் திறப்பேன் என்று முதலில் சொன்னான். பிறகு பாட்டில் பேச்சையே விட்டுவிட்டான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை, "வாசனை வந்துடுச்சு கிருத்தி" என்றான். அப்போதே பாலகுமாருக்குப் போன் போட்டான்.

நான் நம்பவில்லை. முன்பும் ஒருமுறை இப்படித்தான், ரசத்தில் பெருங்காயம் தூக்கல் என்று வாயாரப் பாராட்டினான். அன்றைக்கு வீட்டில் பெருங்காய டப்பா காலி. நான் கவலைப்படக் கூடாது என்று எதையும் நடிப்பான் அவன்.

இருந்தாலும் இன்று காலையிலிருந்து தாளிப்பு இல்லை, ஊதுபத்தி இல்லை, தலையில் பூகூட வைத்துக்கொள்ளவில்லை. மூன்று பேருக்கும் தயிர்சாதம்தான்.

சுதீர் மூன்று க்ளாஸில் ஊற்றி, முதல் க்ளாஸை என்னிடம் நீட்டினான். முகர்ந்தேன்.

துணி வாடை. வாஷிங் மெஷினில் போட்டு மறந்துபோய், மறுநாள் மூடியைத் திறந்தால் குப்பென்று அடிக்குமே, அதே ஈர வாடை.

எனக்குத் திக்கென்றது. இதைப் பற்றியும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் சில பாட்டிலில் கார்க்கே சொத்தையாக இருக்கும், ஒயின் முழுக்க ஈர வாடை ஏறிவிடும். நாக்குக்கு அது பிடிபடாது. மூக்குதான் காட்டிக்கொடுக்கும்.

அவன் க்ளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலகுமார் ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கத்தா இருக்கு மச்சி, பிரமாதம்" என்றான். ஒயின் சிவப்பாக இருந்தால் அவனுக்குப் போதும்.

சுதீர் க்ளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டான். பிறகு நிமிர்ந்து, ஊரையே வாங்கியவன் மாதிரி சிரித்தான்.

"அத்திப்பழம்டா பாலா. பழைய தோல் பெட்டி. கடைசியில மழை பெஞ்ச மண்ணு."

அத்தனையும் இந்த ஒயினின் வாசனை என்று இணையத்தில் எவனோ எழுதி வைத்தது. அவன் படித்துக் காட்டிக் காட்டி எனக்கே மனப்பாடம்.

தட்டு எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒயின் கிடக்கிறது, சனியன். இந்த மனுஷன் இன்னும் எத்தனை காலம் எனக்காக இப்படி நடிப்பான் என்று நினைத்தால் தாங்க முடியவில்லை.

பின்னாலேயே வந்துவிட்டான். குழாயை மூடினான். காதருகே குனிந்தான்.

"மெஷின்ல துணியை மறந்துட்டா ஒரு நாத்தம் வருமே, உனக்கும் அதுதானே வருது?"

திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பாலாகிட்ட மூச்சு விடாத. ஸ்வெட்டர்ல சுத்தி அவ்ளோ தூரம் எடுத்துட்டு வந்தவன், பாவம்."

அவன் சட்டையிலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டேன். மூக்கைத் துடைத்ததற்கு அவன் திட்டினான்.

ஹாலுக்குப் போனதும் பாலகுமார் பிடித்துக்கொண்டான். "கிருத்திகா, நீ ஒண்ணுமே சொல்லலையே?"

என் க்ளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

"இவ்வளவு நல்ல ஒயினை நான் குடிச்சதே இல்ல, பாலா." சத்தியமாகத்தான் சொன்னேன்.

பாலகுமாருக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டிலை எடுத்து சுதீர் க்ளாஸை விளிம்புவரை நிரப்பினான். சுதீர் அதை வாயருகே கொண்டுபோனவன், தன்னை மறந்து முகத்தைச் சுளித்தான்.

அந்தச் சுளிப்பை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.