மதில் ரொம்ப உயரம்

இன்றும் ஓர் அட்மிஷன்கூடப் பிடிக்கவில்லை என்றால் சேர்மனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால், அரூர் பஸ்ஸில் வந்து இறங்கிய திருமாலை அட்மிஷன் ஆபீஸர் சுமலதா விடவே இல்லை. பல்கலைக்கழக வளாகம் முழுக்கச் சுற்றிக் காட்டினாள்.

"மொதல்ல இது மரவள்ளிக்கிழங்கு மில்லுங்க சார். அப்புறம் பாலிடெக்னிக். இப்போ யுனிவர்சிட்டி!"

திருமாலின் கண் வரலாற்றில் இல்லை, மதில் சுவரில் இருந்தது.

"எகிறிக் குதிச்சு ஓடிட மாட்டாங்களே?"

"மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கோமுங்க."

பெண்ணைப் பெற்றவருக்குப் பயம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தாள் சுமலதா. ஹாஸ்டல் ஜன்னல் கம்பியை அவர் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"போனுங்க மேடம்?"

"கூடவே கூடாதுங்க. மணி அடிச்சாத்தான் சோறு. எல்லாருக்கும் ஒரே கலர் யூனிஃபார்ம், சட்டையில நம்பர்."

"பாக்க வரலாமுங்களா?"

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைங்க. அதுவும் கம்பிக் கதவுக்கு வெளிய நின்னுதான்."

திருமால் துள்ளிக் குதிக்காத குறைதான். "இதாங்க நாங்க தேடிட்டிருந்த எடம்! நாளைக்கே அட்வான்ஸ் கட்டிடறோம்."

"பொண்ணுக்கு எந்த கோர்சுங்க சார்?"

"பொண்ணா? எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலீங்க. நான் சினிமா கம்பெனி மேனேஜரு. ஜெயில் சீனுக்கு எடம் பாக்க வந்தேன்."

திருமால் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க மேடம். எங்க கதையில கைதிங்கள போன் பேச வுடுவாங்க. அத மட்டும் டைரக்டர்கிட்ட சொல்லி மாத்திடறேன்."