கியோத்தோவில் நடக்கும் விரல்

தோட்டத்துத் துரை வேண்டாமென்று போட்ட புத்தகம், ஜப்பானின் பழைய நகரமான கியோத்தோவுக்கு வழிகாட்டி, தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் இளவெயிலில் விரிந்து கிடக்கிறது. பங்களாவில் சமைக்கிற சிறில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். மனைவி மரியநாயகியின் விரல், தேயிலைக் கொழுந்து பறித்த கறை போகாத விரல், வரைபடத்துத் தெருக்களில் நடக்கிறது. பாலம் தாண்டி, மரவீடுகளை ஒட்டி வளைகிறது. "கோயிலுக்குள்ள செருப்போட போகக் கூடாதாம், புள்ள." அவள் விரலைச் சேலைத் தலைப்பில் அழுந்தத் துடைத்துவிட்டு உள்ளே வைக்கிறாள். சிறில் சிரிக்கவில்லை, தானும் செருப்பைக் கழற்றித் தள்ளி வைக்கிறான். அடுத்த பக்கத்தில் மலைச்சரிவு முழுக்கப் பச்சை, கூடையோடு பெண்கள். "டவுனுக்கு வெளிய தேயிலைத் தோட்டமாம். பஸ் போகுதாம். பாத்துட்டு வருவமா?" விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டு, அவள் வரைபடத்து ஆற்றங்கரைப் பக்கமாக நடக்கிறாள்.