சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் அவளுடைய பயம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தையல் மெஷினைத் தவிர வேறு எந்த மெஷினைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் கைப்பையை மார்போடு அணைத்தபடி, மனப்பாடம் செய்து வந்ததை இன்னொரு தரம் முணுமுணுத்துப் பார்த்தாள்.

உள்ளே அவர்களுடைய ஜீப் நின்றது. மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று போன மாதம்தான் கணவர் அதை ஐந்து விரற்கடை உயர்த்தியிருந்தார். அன்றிலிருந்து வேகம் எடுத்தால் வண்டி நடுங்குகிறது.

அதைச் சொன்னால் கணவர் சிரிப்பார். "வண்டி எங்க நடுங்குது? நீதான் நடுங்குற. குழாய் சொட்டினாலே வெள்ளம்னு ஓடறவ நீ." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சனிக்கிழமை மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். காலில் தகடு வைத்திருக்கிறார்கள். அதிரவே கூடாதாம். இரண்டு மணி நேரப் பாதை.

சர்வீஸ் என்று சொல்லி மூன்றாவது தடவையாக வண்டியை இங்கே விட்டுவிட்டுக் கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"என்னக்கா, நீங்க வந்திருக்கீங்க? அண்ணன் வரல?" என்று கேட்டான் மெக்கானிக்.

"நான் வந்தது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

"சரி, சொல்லுங்க."

மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. "வண்டி... நடுங்குதுப்பா."

"நாலு வீலும் பேலன்ஸ் பண்ணியாச்சுக்கா. டயரும் மாத்திப் போட்டாச்சு. ஸ்டீயரிங் கல்லு மாதிரி நிக்குது."

"அதான்ப்பா. கையில இல்ல. சீட்டுக்கு அடியில. அறுபதுல ஆரம்பிக்குது, எண்பத்தஞ்சு தாண்டினா அடங்கிடுது. அவர் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா 'ஊம்'னு சத்தம் மாறுது."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "ஸ்பீடு முள்ளை யாருக்கா பார்த்தது?"

"நான்தான். பயந்தவளுக்குக் கண்ணு வேற எங்க போகும்?"

அவன் சிரிக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"தப்பா இருந்தா விட்டுடு. ஒரு தடவை என் தையல் மெஷின் குள்ளமா இருக்குன்னு அதுக்கு அடியில கட்டை வெச்சு உசத்தினேன். மோட்டார் மேஜைக்கு அடியிலயே நின்னுடுச்சு. பெல்ட் கோணலா ஓடி, பாதி வேகத்துல மேஜையே ஆடிச்சு. மெஷின்ல குத்தம் இல்ல. நான் வெச்ச கட்டையிலதான் குத்தம். இங்கயும் அப்படி ஏதாவது..."

அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் சறுக்கிப் போனான்.

"அட" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. பிறகு, "அக்கா, நீங்க ஒரு மாசம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

"என்னப்பா?"

"முன்னாடியிலேருந்து பின் சக்கரத்துக்குச் சுத்திக்கிட்டு ஒரு நீளக் குழாய் போகுதில்ல, ஷாஃப்ட்? அதோட ரெண்டு முனையும் ஒரே சாய்வுல இருக்கணும். அதுக்குத்தான் வண்டியை உசத்தும்போது பின்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு கட்டை வெக்கிறோம். இங்க அதைத் திருப்பி வெச்சிருக்கு."

"யாரு வெச்சா?"

முகம் முழுக்கக் கரியோடு வெளியே வந்தான். "நானேதான். ஊருக்கெல்லாம் சரியா வெச்சேன். உங்க வண்டிக்கு வந்ததும் புத்தி புல் மேயப் போயிடுச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

கட்டையைத் திருப்பி வைத்து, அவளையே பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டினான். அறுபது, எழுபது, எண்பது. சீட்டு தூங்கும் குழந்தை மாதிரி இருந்தது.

இறங்கும்போது சொன்னாள். "அவர்கிட்ட மூச்சு விடாதப்பா. ஏற்கனவே என்னை மனப்பிரமைன்னு கேலி பண்றார்."

"கேலியா? அண்ணனா?" மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "மனப்பிரமைன்னு சொன்னது நான்க்கா. அதுக்கு அவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. 'எனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா அவளுக்குத் தெரியுது. இருபத்தாறு வருஷத்துல அவ கேட்ட சத்தம் ஒண்ணுகூடப் பொய்யானதில்ல, தேடு'ன்னு மூணு தடவையும் அதையேதான் சொன்னார். உங்ககிட்ட சொல்லிடக் கூடாதுன்னு சத்தியம் வேற."

பஸ்ஸில் வீடு வரை தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை. பின் சீட்டில் காலை நீட்டியபடி மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேகம் எண்பதைத் தொட்டது. பாட்டிலில் இருந்த தண்ணீர்கூட அசையவில்லை.

"பார்த்தியா? எல்லாம் உன் மனப்பிரமை" என்றார் கணவர். "தானா சரியாயிடுச்சு."

"ஆமாங்க. மனப்பிரமைதான்."

அவருக்கு உற்சாகம் பொங்கியது. முள் தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து என்று ஏறியது. அவள் கை தானாகப் பிடியைத் தேடிப் பற்றிக்கொண்டது. மெதுவாகப் போங்கள் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். ஒரு நாள்கூட அவர் காதில் ஏறியதில்லை.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையைச் சாய்த்து, காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள்.

"ஏங்க, இடது பக்கம் பின்னாடி ஏதோ லேசா 'கிர்'ருங்குது."

"ஆரம்பிச்சுட்டியா? உனக்கு வேற வேலையே இல்ல" என்றார். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் ஆக்சிலேட்டரை விட்டு எழுந்திருந்தது. முள் நூறு, எண்பது, அறுபது என்று இறங்கி வந்தது.

"இப்ப?" என்று கேட்டார்.

"இப்ப இல்லீங்க. இப்படியே போங்க."

பிடியை விட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய்ச் சத்தம் அது.