கும்பிட்ட கை

தாடிக்கொம்புப் பள்ளிக்கூடத்தில் விழும் முதல் ஓட்டு எப்போதும் அறிவுச்செல்வி வீட்டாருடையதுதான். தாத்தாவும் அப்பாவும் எம்.எல்.ஏ.வாக இருந்தவர்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வந்த இந்தத் தேர்தலில், அவள் அவருடைய கட்சியையே எதிர்த்து நின்றாள்.

விடிந்ததும் ஓட்டுப்போடப் போனபோது, பள்ளிக்கூட வாசற்படியில் அப்பாவின் தோல் செருப்பு கிடந்தது. கோயிலுக்குள் நுழைவதுபோல் அங்கே செருப்பைக் கழற்றிப் போடுகிறவர் அவர் ஒருவர்தான்.

"ஐயா செருப்ப யாரும்மா இங்க கொண்டாந்தது?" என்றார் டிரைவர் பேச்சிமுத்து.

அவள் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்கு விரைந்தாள். கூடத்துப் படத்தில் அப்பா வழக்கம்போலக் கும்பிட்டபடி இருந்தார். இடது ஆள்காட்டி விரலில் மை இருந்தது. கண்ணாடியைத் துடைத்தாள். மை அவள் கையில் ஈரமாக ஒட்டியது.

"யாருக்குப்பா போட்டீங்க?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "நானும் கேட்டுப் பாத்துட்டேன் தாயி. வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."