நாக்கில் படாத கல்

ரோஸ்விதாவின் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்தது லோதாரின் கல் ஒன்றுதான்.

ஃப்ரைபெர்க் கல் சேகரிப்போர் சங்கத்தில் மே மாதம் வந்தால் இந்தப் போட்டி உண்டு. ஆளுக்கொரு கல் கொண்டுவருவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லின் பெயரையும் சொல்ல வேண்டும், அது கிடைத்த இடத்தையும் சொல்ல வேண்டும். இடம் தெரியாத கல்லை இந்த ஊரில் யாரும் கல்லாகவே மதிப்பதில்லை. அதனால் பெயர் சரியாக இருந்து இடம் தப்பினாலும் தோல்விதான்.

லைப்சிக்கிலிருந்து இங்கே குடிவந்ததிலிருந்து ரோஸ்விதா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஏதோ லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும். உலோகம் உருக்கும் ஆலையின் லேபாக இருக்கும் என்று சங்கத்தார் தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். என்ன வேலை பார்த்தாய் என்று சங்கத்தில் யார் கேட்டார்கள்? வீட்டில் என்ன கல் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள்.

மற்றவர்களுக்குள் வா, போ என்றுதான் பேச்சு. அந்தம்மா மட்டும் எல்லோரையும் ‘நீங்க’ என்பார். எல்லோரும் அந்தம்மாவையும் அப்படித்தான்.

லோதார், மனைவி போன பிறகு சமையல் பழகிக்கொண்ட மனிதர். அந்தம்மா ஊருக்கு வந்த வருஷமே கேட்டுவிட்டார், ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்களேன் என்று.

“முதல்ல என்னைத் தோக்கடிங்க. அப்புறம் விருந்து வைக்கலாம்.”

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் லோதார் தோற்றுக்கொண்டிருக்கிறார். அந்த விருந்தின் சமையல் சங்கத்துக்கே மனப்பாடம்: பசலைக்கீரை மசியல், பொரித்த முட்டை, அவித்த உருளைக்கிழங்கு, கடைசியில் புளிப்பு ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட கேக். “கீரை வாடிப்போச்சாடா?” என்று செயலாளர் டீட்மார் கேட்காத வருஷமில்லை.

இன்றைக்கும் அந்தம்மா கொடுத்த கல்லையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டார். முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகு நகத்தால் கீறுவார். நகத்துக்கு மசியாவிட்டால் செப்புக் காசு, அதற்கும் மசியாவிட்டால் கத்தி. வெள்ளைப் பீங்கானில் இழுத்து, என்ன நிறத்தில் கோடு விழுகிறது என்று டீட்மாரைக் கேட்பார். எல்லாம் முடிந்ததும் நாக்கு. உப்புக்கல்லை நக்கினால் சரி, விஷமான காரீயக் கல்லையுமா நக்குவது? வேண்டாம் என்று கத்தினார்கள். அந்தம்மா கேட்டால்தானே!

லோதாரின் கல் பட்டாணி அளவுதான். ஆனால் இதற்காக அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இதை வெந்நீரில் கொதிக்கவைத்து, சாராயத்தில் ஊறப்போட்டு, மறுபடியும் கொதிக்கவைத்துத்தான் கொண்டுவந்திருந்தார்.

ரோஸ்விதா அதை உள்ளங்கையில் உருட்டினார்.

“கனமே இல்லை.”

நகத்தால் கீறினார். கீறல் விழவில்லை. செப்புக் காசால் கீறினார், விழுந்தது.

“கோடு?”

“வெள்ளை,” என்றார் டீட்மார்.

விரல் நுனியால் கல்லைத் தடவினார். ஃப்ரைட்டால் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் இதே வகைக் கல் கண்ணாடித் துண்டு போல வழவழப்பாக இருக்கும். இது பலாக்காய்த் தோல் மாதிரி முள்ளும் முடிச்சும். விரல் கண்டுபிடித்துவிட்டால் லோதாருக்கு இந்த வருஷமும் தனியாகத்தான் சாப்பாடு.

கல்லை வாயருகே கொண்டுபோனார். ஐயோ, வேண்டாம் என்று கத்திவிடலாமா என்றிருந்தது லோதாருக்கு. கத்தினால் குட்டு உடைந்துவிடும்.

அந்தம்மாவின் கை பாதியில் நின்றது. பிறகு கல்லை மேஜையில் வைத்துவிட்டு, விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“வெவெலிட்.”

பெயர் சரி.

“இடம்?” என்று முந்திக்கொண்டு கேட்டார் லோதார்.

“ஃப்ரைட்டால். நிலக்கரிச் சுரங்கம்.”

“தப்பு!” லோதார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சட்டையைத் தூக்கி இடுப்பின் இடப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். “இதுதான்யா சுரங்கம்! மார்ச்சுல தோண்டி எடுத்தாங்க. பேரைச் சொன்னது டாக்டரு!”

கூடம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து டீட்மாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிறுநீரகத்தில் விளைந்தாலும் கல் கல்தான், ஊரும் உண்டு, பேரும் உண்டு, லோதார் ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொன்னார். லோதாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி குதித்தார்.

ரோஸ்விதா கண்கட்டை அவிழ்த்தார். கல்லைக் காகிதத்தால் எடுத்து, அது வந்த குப்பியில் போட்டு, மூடி, லோதாரிடம் நீட்டினார். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“லைப்சிக்ல ஆஸ்பத்திரி லேப்ல இருந்தேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் தினம் இந்தக் கல்லைத்தான் பார்த்தேன்.”

காரீயத்தைக்கூட விடாத நாக்கு இதற்கு மட்டும் ஏன் நீளவில்லை என்பது அப்போதுதான் லோதாருக்கு உறைத்தது.

“சாயங்காலம் வரேன். கீரை வேண்டாம். ருபார்பும் வேண்டாம்.”

“ஏன், பிடிக்காதா?”

“எனக்கு ரொம்பப் பிடிக்கும். உனக்குத்தான் ஆகாது.”