அப்படியொரு குழு இல்லை

நுஸ்கி அதே கட்டளையை மறுபடியும் அடிக்கிறான். முதலில் கரை திரும்பும் படகு, கடலில் நிற்கும் மற்றப் படகுகளின் செய்திகளையும் ஒரே கட்டாக வாங்கிவரும். அதைப் பிரித்து, படகுக்கொரு குழுவாகப் போடுவது ஆலங்குடா வீட்டிலிருக்கும் இந்தச் சேர்வர் கணினியின் வேலை. எல்லாம் இடம் சேர்ந்துவிட்டன. ஒன்றை மட்டும் திரை தள்ளிக்கொண்டே இருக்கிறது: அப்படியொரு குழு இல்லை. காணாமல்போன மச்சான் இஸ்ஸதீனின் படகுக் குழு அது. கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு அப்பால் நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கி வெயிலில் சும்மா நிற்கிறது. மேசைக்கடியில் கணினியை ஓட்டும் பற்றரி, தீரப்போவதாகக் கீச்சிடுகிறது.

"என்னடா செய்யுது?" கதிரையின் முதுகைப் பிடித்தபடி அவன் அக்கா, இஸ்ஸதீனின் மனைவி ஸுஹைரா ராத்தா கேட்கிறாள்.

"மச்சான்ட படகுச் செய்தி ஒண்டு இரிக்கி ராத்தா. தூக்கி எறியுது."

"எறியுறதுக்கு அது மீன் குடலாடா? எடு."

"குழுவ நான்தான் அழிச்சிட்டன். திரும்ப உண்டாக்கிறன், பொறுங்க. மச்சான் கடலுக்குப் போன அண்டைக்குப் போட்டதா இரிக்கும்."

"திகதியப் பாரு."

வியர்வையில் விரல் வழுக்கி, படகின் பெயர் பிழையாக விழுகிறது. அழித்து அடிக்கிறான். செய்திக் கட்டை மீண்டும் கணினிக்கு ஊட்டுகிறான். பற்றரியின் கீச்சு இடைவெளியில்லாமல் நீள்கிறது. செய்தி திறக்கிறது.

என்ஜின் நிண்டிட்டு. குடிக்கத் தண்ணி கொஞ்சம் இரிக்கி. தேடுறத நிப்பாட்டாதீங்க.

திகதி சனிக்கிழமை.

அதற்கு முந்தின நாள்தான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, பள்ளிவாசலில் இஸ்ஸதீனுக்கு உடலில்லாமலே, இறந்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகை நடத்தி முடித்திருந்தார்கள்.