இரண்டு தட்டுக் களி

"சினைப்பை முழுக்க நீர்க்கட்டி. உங்க அம்மாவுக்கும் மாதவிலக்கு தள்ளித் தள்ளித்தான் வருமா? மோவாயில முடி இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டபோது சுகிர்தா ஆமென்று தலையாட்டினாள். பன்னிரண்டு வயதில், "உன் மோவாயப் பாத்து எல்லாரும் சிரிக்கிறாங்க, ஸ்கூலுக்கு வராதம்மா" என்று அவள் சொன்ன பிறகு அம்மா அந்தப் பக்கமே வந்ததில்லை. சர்க்கரை முற்றி நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் சொன்னபடி சுகிர்தா சோற்றைக் குறைத்தாள், இனிப்பை அடியோடு விட்டாள். எட்டு மாதமாக நின்றிருந்த மாதவிலக்கு மூன்றாம் மாதம் வந்தது. அன்று மதியம் கேழ்வரகுக் களியையும் கீரையையும் இரண்டு தட்டுகளில் பரிமாறினாள்.

"நான்தான் சாப்பிட்டேனே, இது யாருக்கு?" என்றான் கணவன்.

எதிர் நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்: "மெதுவாப் பேசுங்க. அம்மா இப்பத்தான் வந்து உக்காந்திருக்காங்க."